பம்பைக்கு நடுவே ஒரு குரல்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. வேலூர் ரோட்டில் பஸ் சத்தம் ஓய இரவு பதினொன்று ஆகும். என் மிக்ஸிங் வேலை அதற்குப் பிறகுதான். மென்பொருள் முதலில் ஆடாசிட்டி, அப்புறம் ரீப்பர். எந்த பட்டன் எதற்கு என்பது ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. காது பழக வருடங்கள் ஆயின.

எனக்குப் பாடம் சொன்னது ஒரு மாரியம்மன் வர்ணிப்பு. பம்பை, உடுக்கை, சிலம்பு, ஒரு குரல். ஆடி மாதம் கூழ் வார்க்கும் நாளில் தெருவில் போடுவதற்காக எங்கள் மாடி அறையில் பதிந்தோம். இருந்தது ஒரே மைக். அதனால் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, தனித்தனி ட்ராக்காக எடுத்தேன்.

மிக்ஸிங்கில் உட்கார்ந்ததும் பம்பை போதவில்லை என்று தோன்றியது, ஏற்றினேன். குரல் அமுங்கியது, அதை ஏற்றினேன். உடுக்கை மறைந்தது, அதையும் ஏற்றினேன். மீட்டர் சிவந்துவிட்டது. ஃபைலாக எடுக்கும்போது 0 டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் போகும் அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். கோயில் குழாய் ஸ்பீக்கரில் அதைக் கேட்ட பாட்டுக்காரர், “நான் என்னா பாடறன்னு எனக்கே தெரியலையே, தம்பி” என்றார். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் நேரில் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். பாட்டுக்காரர் வாய் திறந்ததும் பம்பைக்காரரின் கை தணிகிறது. பாட்டின் அடி முடிந்த கணம் பம்பை எழும்புகிறது. அந்த இடைவெளியில் உடுக்கை பேசுகிறது. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. ஒருவர் குரலை ஒருவர் கேட்காமல் தனித்தனியே பதிந்த என் ட்ராக்குகளில் இந்த விட்டுக்கொடுத்தல்தான் இல்லாமல் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லா ஃபேடரையும் கீழே இறக்கிவிட்டு, குரலிலிருந்து ஆரம்பித்தேன். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குரலோடு கலந்திருந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டினேன். சொல் தெளிவாகக் கேட்பது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். பம்பையின் கூர்மையும் அங்கேதான் வந்து மோதியது. ஈக்யூவில் பம்பையை அந்த இடத்தில் மட்டும் 3 டெசிபல் குறைத்தேன். குரலை ஏற்றாமலே சொற்கள் துலங்கின. பிறகு பம்பைக்காரரின் கை செய்ததை, அடிக்கு அடி ஆட்டோமேஷன் கோடாக வரைந்தேன். நான்கு இரவுகள் பிடித்தன.

குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி எடுபடாது. இடது, வலது என்று பிரித்து வைத்தவையும் ஒன்றாகிவிடும். ஆகவே மோனோவில் கேட்டுச் சரிபார்த்தேன். தெருவுக்கே எதிரொலி உண்டு என்பதால் ரிவெர்பை மிகக் குறைவாக வைத்தேன்.

இன்னொரு பழக்கமும் அப்போது வந்தது. சத்தம் குறைந்தால் நம் காதுக்கு அடித்தொனி அதிகமாகக் குறைந்து கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து சொன்ன விஷயம் இது. சத்தமாக வைத்தால் எந்த மிக்ஸும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர்களில் ஒருவரான ஒலிப் பொறியாளர் எச். ஸ்ரீதரின் வேலையை என் மிக்ஸோடு ஒரே அளவு சத்தத்தில், மெதுவாக வைத்து ஒப்பிடுவேன். 2008-இல் மறைந்த அவரை நான் பார்த்ததில்லை. எத்தனை வாத்தியம் சூழ்ந்தாலும் குரலுக்கு இடம் இருக்கும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

அந்த வருடம் கூழ் வார்த்த அன்று, தெருமுனைவரை ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மிக்ஸிங் பழக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் பம்பை வாசிக்கும் இடத்துக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். பதியும்போது, ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழும்படி எல்லோரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். பாதி மிக்ஸிங்கை அவர்களே முடித்துத் தந்துவிடுவார்கள்.