தங்கூஸ்

ஷார்ஜாவிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய பெட்டியில் ஒரு தூண்டில் கம்பும் ஒரு ஸ்பின்னிங் ரீலும் இருந்தன. நரம்பு மட்டும் இல்லை. பேரனுக்குப் பதினான்கு வயது. "நரம்பைத் தூத்துக்குடியில வாங்கிக்கிடுங்கப்பா" என்று மகன் போனில் சொல்லிவிட்டான், சட்டைக்குப் பித்தான் வாங்கச் சொல்வது போல.

கடைக்காரர், "மோனோவா, பிரெய்டா, ஃபுளோரோவா அண்ணாச்சி?" என்றார். முப்பத்து நான்கு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு மூன்றில் ஒன்றும் விளங்கவில்லை. என் முழியைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஒருவர், "மோனோன்னா நம்ம தங்கூஸ்தான் சார்" என்று உரை சொன்னார்.

ஐம்பது வருடமாகக் காதில் விழாத சொல் அது.

உடன்குடிக்காரனுக்குக் கடல் பின்வீட்டுக்காரர் மாதிரி. சத்தம் கேட்கும், வாசல் வேறு தெருவில் இருக்கும். நாங்கள் பனையை நம்பிய ஆட்கள். ஆனாலும் பள்ளி விடுமுறையில் சைக்கிளை மிதித்து மணப்பாட்டுக்குப் போய்விடுவேன். கோயில் குன்றுக்கு இந்தப் பக்கம், கருமேனியாறு கடலில் சேருகிற இடத்தில், ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். கம்பு கிடையாது, கைத்தூண்டில்தான். ஒரு பனைமட்டைத் துண்டில் தங்கூஸைச் சுற்றி வைத்திருப்பார். எறிவதற்கு முன்னால் அவ்வளவு நீளத்தையும் இரண்டு உதட்டுக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக இழுப்பார். நான் ஒருநாள், "என்ன தாத்தா, உப்புப் பாக்கியளா?" என்று கேட்டுவிட்டேன்.

"லேய், கண்ணுக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரியும். எங்கயாவது சிராய்ச்சிருந்தா சொல்லிரும்."

சிராய்ப்பு தட்டுப்பட்டால், அந்த முழத்தை இரக்கமே இல்லாமல் வெட்டி எறிவார். திரும்ப முடிச்சுப் போட்டு, இறுக்குவதற்கு முன்னால் அதில் எச்சில் தொட்டு வைப்பார். ஏதோ சாங்கியம் என்று நினைத்திருந்தேன். காய்ந்த முடிச்சை இறுக்கினால் உரசுகிற சூட்டிலேயே நரம்பு பலம் இழந்துவிடும் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது.

கடையில் நான் தங்கூஸ் பக்கம் சாய்ந்தேன். பேரன் விடவில்லை. "யூடியூப்ல எல்லாரும் பிரெய்டுதான் தாத்தா போடுறாங்க." பிரெய்டு என்பது பல இழையைப் பின்னிய நூல். பிளாஸ்டிக் பை செய்கிற பாலித்தீனுக்குப் பயில்வான் அண்ணன் முறை. தையல்நூல் கனத்தில் இருந்துகொண்டு, தன்னைப் போல இரண்டு பங்கு கனமுள்ள தங்கூஸின் பலத்தைக் காட்டும். பச்சை நிறத்தில் பார்க்கவும் லட்சணமாக இருந்தது. வாங்கினோம்.

மறுநாள் விடியற்காலை அதே கழிமுகம். முதலில் ரீல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தோம். கைப்பிடியைச் சுற்றினால் நூல் வராமல், சுற்றிவைத்த நூல் மொத்தமும் ஸ்பூலிலேயே வழுக்கிச் சுழன்றது. பிரெய்டுக்கு அடியில் பத்துச் சுற்றாவது தங்கூஸ் போடவேண்டுமாம், வழுவழு ஸ்பூலைப் பிரெய்டு பிடிக்காதாம். மருத்துவ நாடாவை ஒட்டிச் சரிசெய்து எறிந்தால், தளர்வாகச் சுற்றியிருந்த நூல் கொத்தாகக் கிளம்பித் தூக்கணாங்குருவிக் கூடாக வந்தது. ஒரு மணி நேரம் சிக்கெடுத்தோம். எடுக்க முடியாததை வெட்டினோம். அதற்குப் பிறகுதான் ஒரு பாரை மீன் வந்து அடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. ரீலின் பிரேக்கை முழுக்க முறுக்கி வைத்திருந்த பேரன், பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தான். முடிச்சு போயிற்று. கம்பு விசுக்கென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்து ஆடியது.

பையன் அழாத குறை. எனக்கு மீனெறி தூண்டிலார் ஞாபகம் வந்தார்.

குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடியவருக்குச் சொந்தப் பேர் இல்லை. அவர் சொன்ன உவமையையே அவருக்குப் பேராகச் சூட்டிவிட்டார்கள். தினைப்புனம் காக்கிறவன் கவண் வீசுகிறான். அந்தச் சத்தத்தில் வெருண்ட யானை, தின்பதற்கு வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிட்டுவிடுகிறது. மூங்கில் சட்டென்று மேலே எழுகிறது, மீன்பிடிக்கிற தூண்டிலைப் போல. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம், மீன் மாட்டியதும் தூண்டில்காரன் கம்பைத் தூக்குகிறான் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். கழிமுகத்தில் நின்றபோது அது தப்பு என்று பட்டது. மீன் மாட்டிய கம்பு எங்கே எழும்? குனியத்தான் செய்யும். எழுவது, மீன் போனபிறகு. யானை கைவிட்டதால்தானே மூங்கில் நிமிர்ந்தது? பாட்டைச் சொல்கிற பெண்ணும், நான் மட்டும் இங்கே இருக்கிறேன், என் நலமெல்லாம் அவனோடு போய்விட்டது என்றுதான் சொல்கிறாள். மீன் போய் நிமிர்ந்த வெறுங்கம்பு அவளுக்கு எவ்வளவு பொருத்தம்! இந்தப் புலவர் ஒரு பெரிய மீனையாவது கோட்டைவிட்டவராகத்தான் இருக்கவேண்டும். ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்துப் பாடம் புரிகிறது. தப்பாகப் படித்துவிட்டுப் போன பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடவா முடியும்?

அவர் காலத்துத் தூண்டிலில் ரீல் இல்லை. நுனியில் நூலைக் கட்டியிருப்பார்கள். மீன் இழுக்கிற இழுப்பையெல்லாம் மூங்கில்தான் வளைந்து வாங்கிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் வளைந்து கொடுக்கவேண்டும் என்பதுதான் தூண்டிலில் உள்ள சூட்சுமம். பிரெய்டு துளிக்கூட நீளாது. தங்கூஸ் அறுவதற்கு முன்னால் கால்வாசி வரைகூட நீண்டு கொடுக்கும். பழகிய கைக்கு அது குறை. எங்களைப் போன்ற அவசரக் கைக்கு அதுதான் காப்பு.

என் அலமாரியில் இருப்பது உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகையின் மறுபதிப்பு. அதே 1937 ஏப்ரலில், தங்கூஸ் எதில் செய்கிறார்களோ அந்த நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் என்ற அமெரிக்கர், பிலடெல்பியாவில் ஒரு விடுதி அறையில் சயனைடு குடித்துச் செத்துப்போனார். வயது 41. நைலானைப் பற்றி டூபாண்ட் கம்பெனி உலகத்துக்குச் சொன்னது 1938 அக்டோபரில். தூண்டில் நரம்பாக அது வந்ததை மனுஷன் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் முள்ளுக்கு மேலே கட்டியது பட்டுப்புழுவின் குடலை. குடல் என்பது பேருக்குத்தான், உண்மையில் பட்டுச்சுரப்பி. ஸ்பெயினில் முர்சியா என்கிற ஊர் இதற்குப் பேர்போனது. கூடு கட்டத் தயாராக இருக்கிற புழுவைக் காடியில் ஊறப்போடுவார்கள். பிறகு வயிற்றைப் பிளந்து, உள்ளே இருப்பதை இரண்டு பக்கமும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால், ஓர் அடி ஒன்றரை அடிக்குக் கண்ணாடி போன்ற நரம்பு வரும். அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் இன்னொரு புழு, இன்னொரு முடிச்சு. 

அடுத்து வந்ததைப் படிக்கும்போதுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். ஜப்பான்காரர்கள் அந்தப் பட்டுப்புழு நரம்பைத் 'தெகுசு' என்கிறார்கள். இன்று நைலான் நரம்புக்கும் அவர்களிடம் அதே பேர். சிங்களவர் 'தங்குஸ்' என்கிறார்கள். மலையாளிக்கும் தங்கூஸ். மணப்பாட்டுத் தாத்தாவுக்கும் தங்கூஸ். சொல்லாராய்ச்சிக்காரர்கள் என்னை அடிக்க வந்தாலும் வரட்டும், இவை நாலும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பது என் கட்சி. ஜப்பானில் ஒரு கதையும் சொல்வார்கள். சீனத்திலிருந்து கப்பலில் வந்த மருந்துப் பொதிகளைக் கட்டியிருந்த பளபளப்பான கயிற்றை ஒரு மீனவன் பார்த்தானாம். மருந்தை விட்டுவிட்டுக் கட்டுக்கயிற்றைக் கேட்டு வாங்கிப்போய் முள் கட்டினானாம்.

அடுத்த வாரம் அதே கடையில் 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் ஒரு சுருள் வாங்கினேன். ஏறக்குறைய ஆறு கிலோ தாங்கும். சுருளைத் தரையில் படுக்கப்போட்டு, ஈரத்துணியால் பிடித்து, ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கிற மாதிரி பேரன் சுற்றினான். முறுக்கு விழுந்தது. சுருளைத் திருப்பிப்போட்டதும் நின்றது. பிரேக்கை, நரம்பு தாங்குவதில் கால்வாசிக்கு வைத்தோம். எறிவதற்கு முன்னால் உதட்டில் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தான். இரண்டு கெளுத்தி கிடைத்தது. பாரை வரவில்லை.

சிக்கு விழுந்த பச்சை பிரெய்டை மணலில் விட்டுவர மனமில்லை. பறவைக் காலில் சுற்றினால் வெட்டிவிட அங்கே யார் இருக்கிறார்கள்? வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார்ந்து முக்கால்வாசியைப் பிரித்துவிட்டேன். மகனுக்குக் கருப்பட்டி கொடுத்துவிட ஓர் ஆள் ஷார்ஜா கிளம்பினார். ஓலைக்கொட்டானை அந்த நூலால்தான் கட்டி அனுப்பினேன். பிரிக்கவே முடியவில்லை, கத்தரிக்கோலும் வழுக்கியது என்று மகன் போன் செய்தான்.