அரிசி ஊரில் ஒளிந்திருக்கும் கோதுமை

ஜூன் 3, தரங்கம்பாடி

சாமான் லாரி நேற்று ராத்திரி வந்து சேர்ந்தது. இப்போதைக்கு அடுக்களைப் பெட்டிகளை மட்டும் பிரித்திருக்கிறோம். டெல்லியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த குளூட்டன் இல்லாத பாஸ்தா, பிஸ்கட், ரொட்டி மாவு எல்லாவற்றையும் நான் அலமாரியில் அடுக்குவதைப் பார்த்து என் கணவர் சிரித்தார். "அரிசி விளையிற ஊருக்கு இதையெல்லாம் எதுக்குச் சுமந்துட்டு வந்தே?"

போன வருடம் எனக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானதிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லும் ஆறுதலும் இதுதான். இவருக்குப் பொறையாறில் கல்லூரி வேலை கிடைத்ததும் அந்த ஆறுதல் வாழ்த்தாகவே மாறிவிட்டது. இட்லி, தோசை, சோறு, இனி உனக்கென்ன கவலை!

கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்தசோகை போகாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். இதற்கு மருந்து கிடையாது. ஆயுளுக்கும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதே வைத்தியம்.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டது. ஆய்வில் சேர்ந்தவர்களில் வடக்கே ஆயிரம் பேருக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்த நோய். தெற்கே பத்தாயிரம் பேருக்கு ஏறக்குறைய ஒருவர். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. சாப்பிடும் கோதுமையில்தான் வித்தியாசம்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். அப்படியானால் இந்த ஊரில் என் நோயைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே இருக்க மாட்டார்கள் என்பதையும் அந்தக் கணக்கிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஜூன் 7

பொறையாறு மளிகைக் கடை. துவரம்பருப்பு, புளி, மல்லி, மிளகு எல்லாம் முழுசாக வாங்கினேன். பெருங்காயத்துக்கு வந்ததும் டப்பாவைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். பொடி எழுத்து; போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. மைதா, வேலம் பிசின், பெருங்காயம்.

கடைக்காரர் நம்பவில்லை. "பெருங்காயத்துல மைதாவா? எங்கப்பா காலத்துலேர்ந்து விக்கிறோம்மா" என்று அவரும் வாங்கிப் படித்தார். ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வருகிற அந்தப் பிசின் அப்படியே போட முடியாத அளவுக்குக் காரமானது. அதனால் மாவு கலந்து மட்டுப்படுத்தி விற்கிறார்கள். அரிசி மாவு கலப்பவர்களும் உண்டு, மைதா கலப்பவர்களும் உண்டு. கட்டியிலும் இதே கதைதான்.

இந்த ஒரு டப்பாவால் ஊரின் பாதிச் சாப்பாடு எனக்கு எட்டாமல் போகிறது. சாம்பார், ரசம், சுண்டல், ஊறுகாய், முறுக்கு, மோர்க்குழம்பு. ஓட்டலில் இட்லியை நம்பினாலும் அதன்மேல் ஊற்றுவதை நம்ப முடியாது. பெருங்காயமே இல்லாமல், பூண்டை நாலு பல் கூடத் தட்டிப்போட்டு ரசம் வைத்தேன். இவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 17

மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் சும்மா நின்ற விசைப்படகுகள் போய்த் திரும்பி, கரை மீண்டும் கடைத்தெருவாகியிருக்கிறது. கோட்டைக்குப் போகிற வழியில் மீன் வறுக்கிற அக்காவிடம் போய் நின்றேன்.

"மசாலாவுல என்னக்கா போடுறீங்க?"

"மொளவாத்தூளு, மஞ்சத்தூளு, இஞ்சி பூண்டு, உப்பு. ஒட்டிப் புடிக்கக் கொஞ்சம் மைதா."

கோதுமை எனக்குச் சேராது, மைதாவும் கோதுமைதான், ஒரு சிட்டிகை பட்டாலும் குடல் புண்ணாகும் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப இந்த எண்ணெயும் ஆவாதுல்ல? மைதா போட்ட மீனு வெந்த எண்ணெயாச்சே."

டெல்லியில் பெரிய பெரிய ஓட்டல்களின் பணியாளர்களுக்கு நான் எத்தனையோ தடவை விளக்கியும் பிடிபடாத விஷயம். இந்த அக்காவுக்கு நான் சொல்வதற்கு முன்பே புரிந்துவிட்டது. நாள் முழுக்க அடுப்பில் நிற்பவருக்கு எதில் எது ஒட்டும் என்று தெரியாதா? "அஞ்சு மணிக்கு வாங்க. புது எண்ணெய் ஊத்தி, ஒங்களுதை மொத போட்டுர்றேன். அரிசி மாவு நீங்களே கொண்டாந்துருங்க."

இந்தியச் சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் இருந்தால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று பொட்டலத்தில் அச்சடிக்கலாம். டெல்லியில் அந்த எழுத்தை நம்பி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நாட்களை ஓட்டிவிடலாம். இங்கே சட்டியிலும் கல்லிலும் அந்த எழுத்து கிடையாது. வாய் திறந்து கேட்டால்தான் சாப்பாடு.

ஜூலை 9

புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் மாவு வேண்டும். பச்சரிசியை ஊறவைத்துக் காயவைத்து மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மிளகாய்க்கும் மல்லிக்கும் தனி மெஷின். அரிசிக்கும் கோதுமைக்கும் ஒரே மெஷின். கோதுமை அதிகம் வருமா என்று கேட்டேன்.

"அதுதாம்மா இப்ப ஓடுது. சக்கரை வந்த வூடெல்லாம் ராத்திரிக்கு சப்பாத்திதானே?"

நெல் விளையும் ஊரில் கோதுமையைக் கொண்டுவந்து சேர்த்திருப்பது டாக்டர் சீட்டு! காலையில் கடை திறந்ததும் முதல் ஈடாக என் அரிசியைப் போட முடியுமா என்றேன். முதல் நாள் ராத்திரி கடைசியாக ஓடியது கோதுமையாக இருந்தால், எவ்வளவு தட்டினாலும் உள்ளே ஒரு பிடி நிற்கும் என்றார். "ஒங்களுக்கு வேணாம்மா, இங்க அரைக்காதீங்க." வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை இங்கேதான் பார்க்கிறேன். வீட்டில் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சலித்தேன். கை வலிக்கிறது. புட்டு நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 4

ஆடி. மாரியம்மன் கோயிலில் கூழ். கேழ்வரகும் நொய்யரிசியும்தான் என்றாலும், அந்தக் கேழ்வரகு அரைபட்டது அதே மில்லில். வாங்கலாமா, நழுவிவிடலாமா என்று வரிசையில் நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தபோது மில்காரரே எதிரில் வந்தார்.

"பயப்படாம குடிங்க. அம்மனுக்கு அரைக்கிறதுன்னா மெஷினைக் கழட்டித் தொடச்சுட்டுத்தான் போடுவோம். அதுக்கப்புறம் மூட்டைக் கணக்குல கேவுரு ஓடுச்சு."

சோதனைச் சாலைகள் சொல்லும் சுத்தத்தைப் பக்தி தன் வழியில் சாதித்திருக்கிறது. ஒரு சொம்பு நிறைய வாங்கி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தேன். முருங்கைக்கீரை தனியாக, கருவாட்டுக் குழம்பு தனியாக. கரண்டியை எடுத்தவரிடம் "பெருங்காயம்?" என்றேன். "கருவாட்டுக்கு யாராவது காயம் போடுவாங்களா?" என்று திட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 21

ரேஷன் கடை வரிசையில் பழக்கமான ஒருவர் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார். ஊரின் கடைசித் தெரு. போய், பணத்தைக் கவரில் வைத்துக் கொடுத்து, சாப்பிடாமல் வந்துவிடலாம் என்று இவர் சொன்னார். எதிர்வீட்டு அக்கா குறுக்கிட்டார்: "மத்த வூட்லன்னா பரவால்ல. அந்தத் தெருவுல போயி கை நனைக்காம வந்தா அதுக்கு வேற அர்த்தம்."

அந்த அர்த்தம் எனக்கும் தெரியும். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள், குடிக்க மாட்டார்கள் என்பதை வைத்தே மனிதர்களைத் தரம் பிரித்த டெல்டா இது. டெல்லி விருந்துகளில் நான் தட்டை எடுக்காவிட்டால் 'டயட்' என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே, அந்தத் தெருவில், கல்லூரி சார் வீட்டம்மா இலையில் உட்காராமல் எழுந்து போனால், என் குடலைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள். என் சாதியைப் பற்றித்தான் நினைப்பார்கள். நினைப்பதற்கு அவர்களுக்குக் காரணமும் உண்டு.

அதனால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். சாம்பார், வடை, சேமியா பாயசம் மூன்றும் எனக்கு ஆகாது. கரண்டி மாறிப் புழங்குவதற்கு முன்பே, பானையிலிருந்து வெறும் சோறு, சட்டியிலிருந்து தயிர், ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். பரிமாறிய பையன் சாம்பார் வாளியோடு மூன்று தடவை வந்தான். அந்தப் பெண்ணின் அம்மா வந்து இலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பந்தியில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நோயைச் சொன்னேன், வயிற்றுப்போக்கு முதல் குழாய் விட்டுப் பார்த்தது வரை. சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூடாத பேச்சுதான். பக்கத்து இலையிலிருந்த பெரியம்மா கேட்டுவிட்டு, "அட, சோத்துக்கு மேல ஒண்ணும் வேணாங்குது ஒடம்பு, நல்ல ஒடம்புதான்" என்றார். சிரித்தார்கள். நான் இன்னொரு கை தயிர் கேட்டேன்.

என் நோயை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று டெல்லியில் சொல்வேன். அந்த உரிமை இங்கே அடுத்தவரின் மரியாதையில் கைவைக்கிறது. சொல்லிவிடுவதே நாகரிகம்.

நவம்பர் 26

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இரண்டு நாளாக மின்சாரம் இல்லை, மாயவரம் சாலையில் தண்ணீர். படகெல்லாம் மேட்டில் ஏறிவிட்டது. கீழ்த் தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து, ரொட்டிப் பொட்டலமும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிறகு ரவா உப்புமா. ஆபத்துக் காலத்தில் இந்த ஊருக்கு வந்து சேருவது கோதுமைதான். 2004 சுனாமி சமயத்திலும் முதலில் வந்தது ரொட்டிதான் என்றார் எதிர்வீட்டு அக்கா.

டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே நினைவுக்கு வந்தார். கோதுமை மேல் அவருக்கு 1930-களிலேயே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பஞ்சத்தில் சிக்கி ரொட்டியே இல்லாமல் போனபோது, ஊரே மெலிய, சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடியும் நோய். 1950-இல் அதையே தன் ஆய்வேடாக எழுதினார். பஞ்சத்துக்கு நன்றி சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வைத்தியம் தெரியவந்தது அதைக் கவனித்த அவர் கண்ணால்தான்.

எங்கள் வீட்டில் அவல், பொரி, கடலை, கருவாடு, ஒரு மாதத்துக்கு அரிசி இருக்கிறது. இந்தக் கரைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகைக்கு எப்போதும் சேர்த்துவைப்பது இதைத்தான். மழைக்காலத்துக்காக அவர்கள் போட்ட பட்டியல் அப்படியே என் பத்தியப் பட்டியலாகவும் இருக்கிறது.

டிசம்பர் 25

மிஷனரி சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தின் மணி விடியற்காலையில் எழுப்பிவிட்டது. எட்டு மணிக்குள் வீட்டில் நாலு தட்டு கேக். எல்லாம் இவருக்கு. பின்வீட்டு டீச்சர் மட்டும் தனித் தூக்கில் அச்சு முறுக்கு அனுப்பியிருந்தார். வழக்கமாக அதில் மைதாவும் சேர்ப்பார்கள். "அரிசி மாவு, தேங்காப்பால், முட்டை. அச்சை வெந்நீர்ல கொதிக்கவச்சு, மைதா கல்கல் போடறதுக்கு முன்னாடியே இத சுட்டாச்சுன்னு டீச்சர் சொல்லச் சொன்னாங்க" என்று கொண்டுவந்த பெண் ஒப்பித்தாள். கொஞ்சம் நொறுங்கியிருந்தது. மைதா இல்லாமல் அப்படித்தான் வரும்.

ஜனவரி 19

ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. எதிர்ப்பொருள் அளவு போன வருடத்தில் பாதிக்கும் கீழே. இன்னும் சரியான எல்லைக்குள் வரவில்லை. வர நாளாகும், இப்படியே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டெல்லியிலிருந்து ஒரு தோழி, அவளுக்கும் இதே நோய், 'அங்கே எந்த பிராண்ட் கிடைக்கிறது?' என்று கேட்டு எழுதியிருக்கிறாள். மாவு கலக்காத பால் பெருங்காயம் ஒன்றைத் தவிர எனக்குச் சொல்ல பிராண்டே இல்லை. ஐந்து மணி மீன் அக்கா, அரைக்க மாட்டேன் என்ற மில்காரர், டப்பாவைப் படிக்கப் பழகிவிட்ட மளிகைக்காரர் என்று எழுதினால் அவளுக்கு அது பயன்படாது. அவள் ஊரில் அவளேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. இன்று காரைக்கால் பஸ்ஸில், முன்பின் பார்த்திராத ஒரு பெண் திரும்பி உட்கார்ந்து, "நீங்கதானே சார் வூட்டம்மா? பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போவாதீங்க, ரவா தோச ஊத்துற கல்லுலயே சாதா தோசயும் ஊத்துறான்" என்றார். பிறகு, இப்போது வயிறு எப்படி இருக்கிறது என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். நானும் பஸ் முழுக்கக் கேட்கும்படியே பதில் சொன்னேன்.