கனத்த குரல்

அரசலாறு கடலோடு கலக்கும் ஊர் காரைக்கால். அவ்வூர் மீனவர் குடியிருப்பில் வாழும் இளைஞன் ஒருவன் ராப் எனப்படும் சொல்லிசையில் பெருவிருப்பம் கொண்டவன். மலேசியத் தமிழராகிய யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பு தமிழ் இளைஞர்களிடையே இக்கலையைப் பரப்பியது.

கடலுக்குச் சென்ற தந்தையையும், கரையில் காத்திருக்கும் தாயையும் பொருளாக வைத்து அவன் ஒரு பாட்டு இயற்றினான். அதனைப் பதிவு செய்து கேட்டான். உள்ளம் சோர்ந்தது. புயலைச் சினந்து பாடிய அடியும், தாயை நினைந்து பாடிய அடியும் ஒரே தன்மையாக ஒலித்தன. தன் கனத்த குரலே குற்றமுடையது என்று எண்ணினான். பிறரைப் போல உச்சத்தில் பாட முயன்றான். தொண்டை கம்மியதே அன்றிப் பாட்டுச் சிறக்கவில்லை.

குற்றம் குரலில் இல்லை. அதனைக் கையாளும் முறையிலேயே இருந்தது. உந்தியிலிருந்து எழும் காற்றே எழுத்தொலிக்கு முதல் என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். ஆகவே, தொண்டையை இறுக்காமல் வயிறு விரிய மூச்சை நிரப்பிப் பாடுதல் வேண்டும். கனத்த குரலில் சொற்கள் ஒன்றோடொன்று மயங்குதல் எளிது. வல்லெழுத்துகளைத் திருத்தமாகவும், குறில் நெடில் வேறுபாடு தோன்றவும் ஒலித்தால் அம்மயக்கம் நீங்கும். பாடகர் கையாளும் ஒலிவாங்கிகள் பலவற்றில், வாயை மிக நெருக்கினால் தாழ்ந்த ஒலி மிகும். ஒரு சாண் தள்ளி நின்றால் சொல் தெளியும். அடிதோறும் உயிரான சொல் ஒன்று உண்டு. அதனைச் சற்றே உயர்த்தியோ, அதற்குமுன் நொடிப்பொழுது நிறுத்தியோ சொன்னால் உணர்ச்சி பிறக்கும். எல்லாச் சொற்களையும் அழுத்திச் சொல்பவன் எதனையும் அழுத்தாதவனே ஆவான்.

காரைக்காலுக்குத் தெற்கே அண்மையில் உள்ளது நாகூர். அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய இ. எம். ஹனீபா, 2015-இல் மறைந்தார். அரசியல் மேடைகளில் முழங்கிய அவரது கம்பீரக் குரல், இறைவனை வேண்டும் பாடல்களில் குழைந்து இரந்தது. சமயம் கடந்து மக்கள் அதனைக் கேட்டு உருகினர். குரலின் கனம் குறையவில்லை; உள்ளம் பொருளோடு ஒன்றியது.

இளைஞன் இவ்வுண்மையை உணர்ந்தான். பாடுமுன் தன் பாட்டை, எதிரே இருப்பவரிடம் பேசுவது போலப் பலமுறை சொல்லிப் பழகினான். பின்னர் மீண்டும் பதிவு செய்தான். அருகிலிருந்து கேட்ட தாய் ஒன்றும் கூறவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் குரலை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவனைவிட்டு அகன்றது.