உமரி, துளசி, பனை நார்

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அண்ணனுக்கு ஏரியில் இறால் பிடிக்கிற தொழில். அவர் மகள் பிளஸ் ஒன்னில் உயிரியல் குரூப் படிக்கிறாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது சின்ன வயசிலிருந்தே அவள் ஆசை.

போன மாதம் திடீரென்று, "அத்தை, நான் காமர்ஸுக்கு மாறிடறேன். பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா... மூணும் ஒரே மாதிரி இருக்கு. எத்தனை தடவை படிச்சாலும் குழம்புது" என்றாள். "கஷ்டமா இருந்தா விட்டுடட்டுமே" என்றார் அண்ணன். குரூப் மாறினால் நர்ஸ் ஆசை என்ன ஆவது? எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். புத்தகத்தை மூடச் சொல்லி, அவளைக் கரைக்குக் கூட்டிப் போனேன்.

உப்பு மண்ணில் உமரிச் செடி படர்ந்திருந்தது. "ஒண்ணைக் கிள்ளி நசுக்குடி" என்றேன். விரலெல்லாம் தண்ணீர். அதுதான் பாரன்கைமா. மெல்லிய சுவர் கொண்ட, உயிருள்ள செல்கள். நடுவே இடைவெளி இருக்கும். நீரையும் உணவையும் சேமிப்பது இதன் வேலை. உருளைக்கிழங்கில் மாவு இருப்பதும் இதில்தான். பக்கத்தில் அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் இதே பாரன்கைமா காற்றை நிரப்பி வைத்திருக்கிறது. அதற்கு ஏரன்கைமா என்று பெயர்.

வீட்டு வாசலில் துளசி. இளந்தண்டைத் தடவினால் சதுரமாக இருக்கும். நான்கு மூலையிலும் இருப்பது கோலன்கைமா. இதுவும் உயிருள்ளதுதான். ஆனால் செல்லின் மூலைகளில் செல்லுலோஸும் பெக்டினும் சேர்ந்து சுவர் தடித்திருக்கும். அதனால்தான் கடல் காற்றில் தண்டு வளைகிறது, ஒடிவதில்லை. தண்டு வளர வளர இதுவும் கூடவே நீளும்.

"அப்போ பனையில எது அத்தை?" என்று அவளே கேட்டாள். பனை ஒருவித்திலைத் தாவரம். அந்த வகையில் பொதுவாகக் கோலன்கைமா இருக்காது. பனை மட்டையில் உரிக்கும் நார், ஸ்கிளிரன்கைமா. லிக்னின் படிந்து சுவர் கெட்டியாகி, முதிர்ந்தபின் உயிரில்லாத செல்கள் இவை. எங்கள் ஊர்ப் பெண்கள் முடையும் ஓலைப் பெட்டி பல வருஷம் உழைப்பதற்கும் ஓலைக்குள் ஓடும் இந்த நார்தான் காரணம். நைலான் வருமுன் வலை பின்ன உதவிய சணப்பு நாரும் இதே இனம். தேங்காய் நாரும் கொட்டாங்கச்சியும்கூட ஸ்கிளிரன்கைமாதான். முன்னது நார் செல், பின்னது கல் செல். கொய்யாப்பழத்தில் பல்லில் நறநறவென்று கடிபடுவதும் கல் செல்லே.

அன்று ராத்திரி அவளே நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள்: உயிர் உண்டா, சுவர் எப்படி, என்ன வேலை. மூன்றே கேள்வி. அடுத்த வாரத் தேர்வில் பத்துக்கு எட்டு. காமர்ஸ் பேச்சு அப்புறம் எழவில்லை. இப்போது சைலம், புளோயம் என்று அடுத்த பாடத்துக்கு வந்திருக்கிறாள். "உன் பாடம் பூரா நம்ம வீட்டுலயே கிடக்கே!" என்று அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம்.

உங்கள் வீட்டிலும் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருந்தால், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு துளசித் தண்டு, ஒரு தேங்காய் மட்டை எடுத்துக் கையில் கொடுத்துப் பாருங்கள். தொட்டுப் பார்த்தது சுலபத்தில் மறக்காது.