சசாயே அம்மாளின் வீதி

டோக்கியோ செல்லும் நம்மவர் கோபுரங்களையும் புத்தர் கோயில்களையும் கண்டு திரும்புவர். சகுராஷின்மாச்சியில் இறங்குவோர் அரியர். ஷிபுயாவிலிருந்து புறப்படும் ரயிலில் நான்காவது நிலையம் அது. அந்நிலையத்தைச் சுற்றி ஒரு குடும்பமே வெண்கலச் சிலைகளாய் நிற்கிறது. தாத்தா, பாட்டி, மகள், மருமகன், பேரன், மகளின் தம்பி, தங்கை என எழுவர். 'சசாயே-சான்' என்னும் சித்திரத் தொடரின் மாந்தர் இவர்கள்.

ஹசெகாவா மச்சிகோ என்னும் பெண்மணி 1946-இல் ஃபுகுவோகா நகர நாளேடு ஒன்றில் இதனைத் தொடங்கினார். கடற்கரையில் உலவுகையில் தோன்றிய பெயர்களாதலின் யாவும் கடல் மணக்கும். சசாயே என்பது ஒருவகைச் சங்கு; தம்பி கட்சுவோ சூரைமீன்; தங்கை வகாமே கடற்பாசி; தாய் ஃபுனேயோ படகு! 1969 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்த இத்தொடர் இன்றும் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஒளிபரப்பாகிறது. உலகில் மிக நீண்டகாலம் நடைபெறும் கேலிச்சித்திரத் தொலைக்காட்சித் தொடர் என 2013-இல் கின்னஸ் ஏட்டிலும் இடம்பெற்றது.

இத்தனை ஆண்டுகளிலும் எவருக்கும் ஒரு வயதேனும் ஏறவில்லை. சசாயே அம்மாளின் உருண்டு திரண்ட கொண்டையும், வீட்டுக் கறுப்புத் தொலைபேசியும் அப்படியே உள்ளன. சுவைஞர்கள் ஓயாது வாதிடுவது தந்தை நமிஹெயின் உருவத்தைப் பற்றித்தான். வழுக்கைத் தலை, உச்சியில் ஒற்றை முடி, மீசை, மூக்குக்கண்ணாடி. பார்த்தால் எழுபது சொல்லலாம். வயதோ 54! இக்காலத்து ஐம்பத்து நான்கினர் இவ்வாறு இருப்பரோ என்று நகைக்கிறார்கள். ஆனால் அக்காலத்து ஜப்பானில் 55 வயதில் ஓய்வு பெறுவதே பெருவழக்கு. 54 என்பது முதுமையின் வாயிற்படி. ஓவியர் பிழைபடவில்லை, காலந்தான் நகர்ந்துவிட்டது.

உருவங்களைப் புதுக்கலாகாதா எனின், கூடாதென்பதே நம் கட்சி. ஊர்விட்டு வந்த நாமும் சொந்த ஊரைப் புறப்பட்ட நாளின் கோலத்திலேயே நெஞ்சில் வைத்திருக்கிறோம் அன்றோ? விடுமுறைக்குச் சென்று, ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் கண்டு திகைக்காதார் நம்மில் யார்? மூன்று தலைமுறை ஒரே உணவு மேசையைச் சுற்றி அமரும் அவ்வீட்டை ஜப்பானியர் வாரந்தோறும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கின்றனர். மறுநாள் திங்கட்கிழமை என்ற ஏக்கமும் உடன் தொற்றுவதால், அதற்கு 'சசாயே நோய்' என்று பெயரிட்டு நகைப்பதும் அவர்கள்தாம்.

வீதியின் வழியே நடந்தால், ஹசெகாவா அம்மையார் தம் தமக்கையுடன் சேர்த்த ஓவியங்களுக்காக 1985-இல் திறந்த கலைக்கூடத்தை அடையலாம். அதற்கு முன், நமிஹெயின் சிலையருகே சற்று நிற்க. சிலைகள் நிறுவப்பெற்ற 2012-ஆம் ஆண்டிலேயே எவரோ அவ்வொற்றை முடியைப் பறித்துவிட, அது நாளேடுகளில் செய்தியாயிற்று. மீண்டும் பொருத்த, மீண்டும் பறித்தனர். செல்லும் அன்பர்கள் முதலில் அவ்வுச்சியை நோக்குக.