கத்திக்கு முன் கண்

எங்கள் பூகோள டீச்சர் காலமாகிவிட்டார். ராஜபாளையத்தில் நான் நடத்தும் நாற்றுப் பண்ணைக்கு வருபவர்கள், "ஒட்டுக்கட்டக் கத்துக்கொடுத்தது அவங்கதானே?" என்று விசாரிக்கிறார்கள். ஆமாம், அவர்தான். கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு முன் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டாவதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

அரசுப் பள்ளி இடமாறுதல் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கோடை விடுமுறையில் அவராகவே ரயிலேறினார். பெங்களூர் லால்பாக், கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் சிவ்பூர், இலங்கையின் பேராதனை என்று எங்கே தாவரவியல் பூங்கா இருக்கிறதோ அங்கே போய் நிற்பார். போன இடத்தில் மழை எந்த மாதம், காற்று எந்தப் பக்கம், மண் என்ன நிறம் என்று நோட்டில் குறித்துக்கொள்வார்.

குன்னூர் மலையடிவாரத்துக் கல்லார் பழப்பண்ணையிலிருந்து ஒருமுறை மங்குஸ்தான் கன்று கொண்டுவந்தார். நிழல் கட்டி, தண்ணீர் தெளித்துப் பார்த்தும் அது நிலைக்கவில்லை. "கன்னு மேல குத்தமில்ல தம்பி. கல்லார்ல காத்துலயே ஈரம் இருக்கு. இங்க தென்மேற்கு மழையை மலை வாங்கிக்குது, நமக்கு வெறும் காத்துதான் இறங்குது" என்றார். அதன்பிறகு இந்த ஊருக்கு உரிய மா ரகங்களைத் தேடத் தொடங்கினார். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று தோப்பு தோப்பாக அலைந்தோம்.

ஒட்டுக்கட்டும் வேலை தாய்மரத்தில் தொடங்குகிறது. மாம்பூவுக்கு ஈயும் பூச்சியும் எங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவரும். அதனால் கொட்டையிலிருந்து வளரும் மரம் பெரும்பாலும் தாயைப்போல் காய்ப்பதில்லை. ஒட்டுக்குச்சியோ தாயின் குணத்தை அப்படியே கொண்டுவரும். நல்ல குணம் மட்டுமல்ல, காய்ப்பு குறைந்த மரத்தின் குணமும் சேர்ந்து வரும். ஆகவே ஒரு வருடக் காய்ப்பைப் பார்த்து டீச்சர் குச்சி எடுக்க விடமாட்டார். தோப்புக்காரரிடம் பழைய வருடங்களைக் கேட்பார், மறுபடியும் பருவத்தில் வந்து பார்ப்பார்.

மரம் முடிவானால், மூன்று நான்கு மாத வயதில் பென்சில் கனத்தில் இருக்கும் குச்சியைத் தேர்ந்தெடுப்போம். வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மரத்திலேயே இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விடுவோம். காம்பு தானாக உதிர்ந்து நுனிமொட்டு பருத்தால் குச்சி தயார்.

வேர்ச்செடி நாட்டு மாங்கன்று. அதன் தலையை வெட்டி, நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் பிளக்க வேண்டும். குச்சியின் அடியை இருபுறமும் சீவி ஆப்பு வடிவமாக்கிச் செருக வேண்டும். ஒரே இழுப்பில் சீவினால்தான் முகம் சமமாக இருக்கும். மேடுபள்ளம் இருந்தால் இடையில் காற்று புகுந்து காய்ந்துவிடும். இரண்டும் ஒரே கனமாக இல்லாவிட்டால் ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேர வேண்டும். பட்டைக்கு அடியில் வழுவழுப்பாக இருக்கும் மெல்லிய அடுக்குதான் வளரும் திசு. இரண்டு உயிரும் கூடுவது அங்கேதான்.

ஒவ்வொரு கன்றுக்கும் கத்தியைத் துடைக்கவும், வெட்டை உடனே மூடவும் சொல்வார். அதற்கு அவர் சொன்ன காரணம் சிவ்பூர் ஆலமரம். 1787-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில், 1864, 1867 புயல்களில் ஆலமரத்தின் பெரிய கிளைகள் முறிந்தன. அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை ஏறியது. 1925-இல் அடிமரத்தையே அகற்ற வேண்டியதாயிற்று. விழுதுகளால் மரம் இன்றும் பரந்து நிற்கிறது. "ஆலமரத்துக்கு விழுது இருந்துச்சு, பொழச்சுச்சு. இந்தக் கன்னுக்கு என்ன இருக்கு? வெட்டுன உடனே மூடு" என்பார். பாலித்தீன் நாடாவை அடியிலிருந்து இறுக்கிச் சுற்றி, மேலே பாலித்தீன் உறை மாட்டி, நிழலில் வைப்போம். இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி விடும் துளிரை மட்டும் விடாமல் கிள்ள வேண்டும். விட்டால் அது மேலே கட்டிய குச்சியைப் பட்டினி போட்டுவிடும்.

ஆடியில் ஒட்டுக்கட்ட அவர் சம்மதித்ததே இல்லை. வேறு ஊர்களில் அதுதான் பருவம். இங்கே வறண்ட ஆடிக்காற்று வெட்டு முகத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காற்று தணியட்டும் என்று காத்திருப்பார். எல்லா ஊருக்கும் ஒரே நாள் சொல்லும் புத்தகத்தைவிட, தன் வாசலில் வீசும் காற்றை அவர் அதிகம் நம்பினார். அத்தனை ஊர் பார்த்ததால்தான் தன் ஊர் எதில் வேறானது என்று அவருக்குத் தெரிந்தது.

அவருடைய நோட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு கன்றுக்கும் எந்தத் தோப்பு, எந்தத் தாய்மரம், கட்டியபோது என்ன காற்று என்று அவர் எழுதியதுபோலவே நானும் எழுதுகிறேன். தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் பருவத்தில் நான் கத்தி கொடுப்பதில்லை. தோப்புக்கு அழைத்துப்போய், எந்த மரத்தில் குச்சி எடுக்கலாம், ஏன் என்று சொல்ல வைக்கிறேன். சரியான மரத்தைக் காட்டத் தெரிந்தவருக்குச் சீவக் கற்றுக்கொடுப்பது சுலபம்.