கால் சுற்றுத் திருகாணி

கும்பகோணத்தருகே பயிர்செய்யும் என் மைத்துனர், தம் சிறு டிராக்டரின் பக்கத் தகடுகளுக்குத் திருகாணிகள் வாங்கியனுப்பக் கேட்டிருந்தார். பழையவை அதிர்வில் கழன்று விழுந்தனவாம். கயிற்றால் கட்டி ஓட்டுகிறாராம்! தகடு சாய்ந்து விசிறியில் பட்டால் என்னாவது? நம் அன்பர் பலருக்கும் ஊரில் நிலமுண்டு. ஆதலின் இதை எழுதுகிறேன்.

டிராக்டர் வங்காளத்துக்கு அந்நியமன்று. 1974-இல் விற்பனைக்கு வந்த ஸ்வராஜ், துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதே.

நேதாஜி சுபாஷ் சாலைக் கடைக்காரர், "தகடு, சட்டம், ரப்பர் வளையம் மூன்றும் சேர்ந்து எவ்வளவு கனம்?" என்று வினவினார். நியாயமான கேள்வி. இத்திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால், உள்ளிருக்கும் வளைந்த எஃகுக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். தண்டு நீண்டால் தகடு ஆடும், குறுகினால் கவ்வாது.

போல்ட்டும் நட்டும் இட்டு இறுக்கிவிடலாம் என்று ஊரில் சிலர் யோசனை கூறினராம். எனக்கு அது உடன்பாடன்று. அறுவடைக் காலத்தில் ரேடியேட்டர் வலையை வைக்கோல் தூசு அடைத்துக்கொள்ளும். நாள்தோறும் துடைத்தாக வேண்டும். அதற்கு ஸ்பானர் தேட வேண்டுமெனில், களைத்து வந்த மனிதர் நாளைக்கென்று ஒத்திப்போடுவார், எஞ்சின் கொதிக்கும்.

கனத்தை அளந்து தொலைபேசியில் சொன்னார்: மூன்றரை மில்லிமீட்டர். நான்குக்கு எட்டாக வாங்கித் தபாலில் சேர்த்துவிட்டேன். சம்பா அறுவடைக்கு இன்னும் மூன்று வாரமிருக்கிறது.